ஹவுஸ் இசையும் தொலைக்காட்சி வரலாறும்

வரலாறு எழுதுவோன் தனக்குக் கிடைத்த சான்றுகளைக் கொண்டே எழுதுவான். கல்வெட்டுப் பொறித்த மன்னனின் பெயர் நிலைக்கும். பொறியாதவனின் பெயர் மறையும். எனினும் கற்றறிந்த வரலாற்றாசிரியன் கல்வெட்டு இல்லாத இடத்தில் மக்களே வாழ்ந்திலர் என்று முடிவு கூறான். சான்றின்மை வேறு, நிகழ்ச்சியின்மை வேறு என்பது வரலாற்றுக் கல்வியின் முதற் பாடம். இப்பாடத்தைத் தொலைக்காட்சி விவரணப் படங்கள் எவ்வளவிற்குக் கற்றுள்ளன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஹவுஸ் என்னும் நடன இசையின் வரலாறும், அதனோடு வளர்ந்த றேவ் என்னும் பெருங்கூட்ட நடனப் பண்பாட்டின் வரலாறுமாம்.

இப்பொருள் கல்லூரி மலர் ஒன்றிற்கு ஏற்புடைத்தோ என ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். இசை எந்நாட்டதாயினும், எவர் ஆடியதாயினும், அதன் வரலாற்றைச் சொல்லும் முறை அறிவாராய்ச்சிக்கு உரியதே. அன்றியும், இன்றைய மாணவர் பலர் அண்மைக்கால வரலாற்றை நூலிற் படிப்பதற்கு முன்னர்த் திரையிற் கண்டுவிடுகின்றனர். நூலைப் படிக்கும்போது ‘இதற்கு ஆதாரம் யாது?’ என்று வினவப் பழகிய மாணவன், திரையின் முன் அமர்ந்தவுடன் அவ்வினாவை மறந்துவிடுகின்றான். கண்ணாற் கண்டதற்கு வேறு ஆதாரமும் வேண்டுமோ என்பது அவன் எண்ணம். அவ்வெண்ணமே ஈண்டு ஆராயத் தக்கது.

முதற்கண் இவ்விசையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தெற்கு ஜெபேர்சன் வீதியின் 206ஆம் இலக்கக் கட்டடத்தில், 1977ஆம் ஆண்டு வெயர்ஹவுஸ் என்னும் நடன விடுதி தொடங்கிற்று. பண்டகசாலை என்பது அப்பெயரின் பொருள். அதனை நடத்தியவர் றொபேட் வில்லியம்ஸ் என்பார். நியூயோர்க்கிலிருந்து அழைக்கப்பெற்ற பிறாங்கி நக்கிள்ஸ் அங்கு இசைத்தட்டுக்களைத் தெரிந்தெடுத்து, ஒன்றன் தாளம் மற்றொன்றன் தாளத்தோடு பொருந்துமாறு இணைத்து, இடையறாது ஒலிக்கச் செய்தார். இப்பணி செய்வாரை டீ. ஜே. என அழைப்பர். ஆடவந்தோரிற் பெரும்பாலார் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமான இளைஞர். தம் பாலினத்தாரையே விரும்பும் இயல்பினர் அவருட் பலர். பிற இடங்களில் நிறம் பற்றியும் இயல்பு பற்றியும் இழிக்கப்பட்டோர்க்கு அவ்விடுதி ஒரு புகலிடமாயிற்று.

1980களின் முற்பகுதியில் நக்கிள்ஸ் அதனை விட்டு நீங்கிப் பவர் பிளான்ற் என்னும் தம் விடுதியைத் தொடங்கினார். வில்லியம்ஸ் நடத்திய மியூசிக் பொக்ஸ் என்னும் விடுதியில் றொன் ஹார்டி என்பார் இசை வழங்கினார். 1984இல் ஜெசி சோண்டர்ஸ் ‘ஒன் அன் ஒன்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். ஹவுஸ் இசைத்தட்டுக்களுள் முதலாவது இதுவே எனப் பலர் கொள்வர். மலிவாகக் கிடைத்த தாள இயந்திரங்களைக் கொண்டு இளைஞர் தத்தம் வீடுகளிலிருந்தே இசை ஆக்கலாயினர். கிற்றார் வாசிப்போர்க்குத் துணையாகக் கீழ்ச்சுரம் இசைத்தற்பொருட்டு யப்பானிய நிறுவனமாகிய றோலண்ட் 1981இல் வெளியிட்ட ரீ. பீ. 303 என்னும் சிறுகருவி, கொள்வாரின்றி விரைவில் நிறுத்தப்பெற்றது. பழம்பொருளாகக் கிடைத்த அக்கருவியின் திருகுகளைப் பியூச்சர் என்னும் குழுவினர் முறைமாறித் திருக, இதுகாறுங் கேளாத ஒலியொன்று பிறந்தது. 1987இல் வெளிவந்த ‘அசிட் ற்றக்ஸ்’ என்னும் அவ்விசைத்தட்டே அசிட் ஹவுஸ் என்னும் கிளைக்கு வித்தாயிற்று. இதே காலத்தில் டிற்றோயிற்று நகரத்தையடுத்த பெல்வில் என்னும் ஊரில் ஒருங்கு பயின்ற ஜுவான் அற்கின்ஸ், டெறிக் மே, கெவின் சோண்டர்சன் என்னும் மூவரும் ரெக்னோ என்னும் உடன்பிறப்பிசையை வளர்த்தனர். அதன்பின் இங்கிலாந்து இவ்விசையை ஏற்று, 1988, 1989ஆம் ஆண்டுகளிற் பண்டகசாலைகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கானோர் விடியுமளவும் ஆடும் றேவ்களை எழுப்பியது.

இவ்வரலாற்றைத் தொலைக்காட்சி பலமுறை சொல்லியுள்ளது. அசிட் ஹவுஸ் பரவிய காலத்திலேயே, 1988இல், கிறனாடா நிறுவனத்தின் ‘வேர்ல்ட் இன் அக்சன்’ நிகழ்ச்சி அதனைப் பற்றிய செய்திப்படம் ஒன்றை ஒளிபரப்பிற்று. 2001இல் பிரித்தானியாவின் சனல் 4 ‘பம்ப் அப் த வொலியூம்’ என்னும் மூன்று பகுதிகள் கொண்ட வரலாற்றை வழங்கிற்று. அதனை நெறிப்படுத்தியவர் கார்ல் ஹைன்ட்மார்ச். கலைஞர் ஜெறமி டெல்லர் 2018இல் ஆக்கிய ‘எவ்றிபொடி இன் த பிளேஸ்’ என்னும் படம் 2019இல் பி. பி. சி. 4இல் ஒளிபரப்பாயிற்று. இவையேயன்றி வேறும் பல உள. இவ்வகைப் படங்களிற் பொதுவாகக் காணப்படும் இயல்புகளையே யாம் நோக்கப்புகுகின்றோம்.

விவரணப் படம் ஒன்றில் இரு கூறுகள் உள. திரையில் ஓடும் பழைய காட்சிகள் மூலம் போல்வன. பின்னணியில் விளக்கும் குரலும் நேர்முகங் கொடுப்போர் கூற்றும் உரை போல்வன. நம் புலவர் நூலை ஆராயும்போது மூலத்தையும் உரையையும் வேறுபிரித்துக் காண்பர்; இடைச்செருகல் எது, பாடபேதம் எது எனத் தேர்வர். இத்தேர்ச்சியைத் திரைக்கும் செலுத்தலாம் என்பது எம் கருத்து. அங்ஙனம் செலுத்துங்கால் நான்கு குறைகள் புலனாகின்றன.

முதலாவது குறை, படம் கிடைத்த நிகழ்ச்சியைக் காரணமாகவும், படம் கிடையாத நிகழ்ச்சியைக் காரியமாகவும் அமைத்துவிடுதலாம். 1979ஆம் ஆண்டு யூலை 12ஆந் தேதி சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுக்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வானொலி அறிவிப்பாளர் ஸ்ரீவ் டால் என்பவர் அதனை முன்னின்று நடத்தினார். எரித்தற்கு ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்தவர்க்கு நுழைவுக் கட்டணம் 98 சதம் மட்டுமே. ஏறத்தாழ 50,000 பேர் அரங்கில் நிறைந்தனர். வெடித்தபின் ஆயிரக்கணக்கானோர் ஆடுகளத்துட் புகுந்தனர். அன்று நடக்கவிருந்த இரண்டாவது பேஸ்போல் ஆட்டம் கைவிடப்பட்டது. அங்கு வாயிற் பணியாளராக நின்ற கறுப்பின இளைஞர் வின்ஸ் லோறன்ஸ், டிஸ்கோ அல்லாத கறுப்பினக் கலைஞரின் இசைத்தட்டுக்களும் எரிக்கக் கொணரப்பட்டதைப் பின்னர் எடுத்துரைத்தார். ‘ஒன் அன் ஒன்’ ஆக்கியதிற் பங்குகொண்டவரும் அவரே.

புகையும் தீயும் ஓடும் கூட்டமுமாகிய இக்காட்சி, விவரணப் படங்கள் பலவற்றிலும் தவறாது இடம்பெறுவது. டிஸ்கோ எரிந்தது; அதன் சாம்பலிலிருந்து ஹவுஸ் எழுந்தது என்பது அக்காட்சிக்கு அளிக்கப்படும் உரை. கேட்டற்கு இனிய உரையே. ஆயின், வெயர்ஹவுஸ் தொடங்கியது 1977இல். தீ மூண்டது 1979இல். தீக்கு இரண்டாண்டு முன்னரே அவ்விளைஞர் அங்கு ஆடிக்கொண்டிருந்தனர். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டமையால் ஆடற்கேற்ற புதிய இசைத்தட்டுக்கள் அரிதாகி, டீ. ஜே.க்கள் தாமே இசை ஆக்கத் தலைப்பட்டனர் என்பது உண்மைதான். ஆயினும் தீ ஒரு துணைக்காரணமேயன்றி முதற்காரணம் அன்று. முதற்காரணம் அவ்விடுதியிற் கூடியோரின் வாழ்வும் தேவையுமே. அவ்வாறாயின் அத்தீயை ஏன் தலைவாயிலாக வைக்கின்றனர்? விளையாட்டை ஒளிபரப்பும் பொருட்டுக் கமராக்கள் அவ்வரங்கில் முன்னமே நின்றன. வெயர்ஹவுஸின் உள்ளே எடுத்த அசையும் படமோ மிக அரிது. வெறுப்பின் ஓர் இரவு படமாய் நிலைத்தது. மகிழ்வின் பல நூறு இரவுகள் படமின்றி மறைந்தன. ஆதலின் ஒரு மக்கட்கூட்டத்தின் கதை, அதனை வெறுத்தோரின் செயலிலிருந்து தொடங்குவதாய் முடிந்தது. இஃது எளிய குறை அன்று.

இரண்டாவது குறை, பலர் கூடி ஆக்கியதைச் சிலர் கண்டுபிடித்ததாகக் கூறுதல். இங்கிலாந்தில் இவ்விசை பரவியதற்குச் சொல்லப்படும் கதை பெரிதும் ஒன்றே. 1987ஆம் ஆண்டுக் கோடையில் போல் ஓக்கன்போல்ட், டனி றாம்பிளிங், நிக்கி ஹொலோவே, ஜொனி வோக்கர் என்னும் இலண்டன் நண்பர் நால்வர் ஸ்பானிய நாட்டு இபிசாத் தீவுக்குச் சென்றனர். அம்னீசியா என்னும் விடுதியில் அல்பிரெடோ என்னும் டீ. ஜே. வழங்கிய இசையையும் எக்ஸ்ரசி என்னும் போதைக் குளிகையையும் அறிந்தனர்; நாடு திரும்பி அவ்வனுபவத்தை அங்கும் நிலைநாட்டினர். றாம்பிளிங் அவ்வாண்டின் இறுதியில் ஷூம் என்னும் விடுதியைத் தொடங்கியது மெய்யே. இக்கதையிற் பொய் இல்லை. ஆயின் முழுமையும் இல்லை.

ஆண்டுகளை நிரல்பட வைத்து நோக்குக. பார்லி ஜக்மாஸ்ரர் பங்க் என்பாரின் சிக்காகோ இசைத்தட்டு ஒன்று பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதற் பத்தினுள் இடம்பெற்றது 1986இல். ஸ்ரீவ் சில்க் ஹேர்லியின் ‘ஜக் யுவர் பொடி’ அப்பட்டியலில் முதலிடம் பெற்றது 1987 சனவரியில். நண்பர் நால்வர் தீவுக்குச் சென்றதோ அதன்பின் வந்த கோடையில். நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்ட இசையை அரையாண்டு கழித்து ஒரு தீவிற் கண்டுபிடித்தல் எங்ஙனம்? மான்செஸ்ரரில் 1982இல் திறக்கப்பெற்ற ஹசியெண்டா விடுதியிலும், வடபால், நடுநாட்டு நகரங்கள் சிலவற்றிலும், இவ்விசை முன்னரே ஒலித்தது. அதற்கு ஆடியோரிற் கறுப்பின இளைஞர் பலர். நால்வர் கொணர்ந்தது இசையை அன்று. இசையோடு கூடிய ஒரு புதுக் கொண்டாட்ட முறையையே. இவ்வேறுபாட்டைக் கூறச் சில நிமிடங்கள் போதும். எனினும் நால்வர் பயணஞ் செய்த கதைக்குத் தலைவரும் கடலும் வெயிலும் உள; பல நகரங்களிற் பலர் இசைத்தட்டு வாங்கிய கதைக்கு இவை இல்லை. திரை முன்னதையே விரும்பும்.

இதனோடு ஒட்டியது, குளிகை ஒன்றே யாவற்றுக்கும் காரணம் என்னும் விளக்கம். போதைப்பொருளின் பங்கு மறுத்தற்குரியதன்று. அதன் தீமையும் மறைத்தற்குரியதன்று. ஆயின், ஒரு தலைமுறை தொழிற்சாலைகள் மூடப்பட்ட நகரங்களிற் கைவிடப்பட்ட பண்டகசாலைகளைத் தேடிச் சென்று ஆடியது ஏன் என்னும் வினாவுக்குக் குளிகை மட்டும் விடையாகாது.

மூன்றாவது குறை இடைச்செருகல். பழைய ஏடு ஒன்றிற் பிற்காலத்தார் பாடிய செய்யுளைச் சேர்த்து, முதனூலாசிரியன் பாடியதே எனக் காட்டினால் நாம் அதனைக் குற்றம் என்போம். திரையிலோ இஃது அன்றாட வழக்கு. ஒரு நகரத்து விடுதியைப் பற்றிக் குரல் விளக்கும்போது, வேறு நகரத்தில் வேறோர் ஆண்டில் எடுத்த ஆடற்காட்சி ஓடும். இடமும் காலமும் குறிக்கும் எழுத்து ஒன்றும் தோன்றாது. 1980களின் பிற்பகுதியிற் கைக்கமராக்கள் பரவியமையாலும், செய்தி நிறுவனங்கள் றேவ்களைத் தேடிச் சென்றமையாலும், ஆங்கிலேய இளைஞர் ஆடும் காட்சிகள் ஏராளமாய் உள. அதனால் இசை பிறந்த ஊரினின்று அது சென்று சேர்ந்த ஊருக்குக் கதையின் நடு மெல்ல நகர்ந்துவிடுகின்றது. பார்ப்போன் மனத்திற் பதியும் முகம் வெள்ளை இளைஞனின் முகமாகவே அமைகின்றது. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்தார் என்று யாம் கூறோம். களஞ்சியத்தில் உள்ளதை எடுத்துப் பயன்படுத்தினர், அவ்வளவே. ஆயின் களஞ்சியம் எவ்வாறு நிறைந்தது என்று வினவாமை குற்றமாகும். அக்களஞ்சியத்தில் உள்ள செய்திக்காட்சிகள் நடுநிலையானவையும் அல்ல. 1988இல் பிரித்தானிய நாளிதழ் ஒன்று, அசிட் ஹவுஸின் அடையாளமாகிய சிரித்தமுகம் பொறித்த சட்டைகளைத் தன் வாசகர்க்கு விற்கப்புகுந்து, சில நாட்களுள் அவ்விசையையே பேராபத்து எனத் தூற்றத் தொடங்கியது. அத்தகைய பரபரப்பின் நடுவே எடுத்த காட்சிகளை, எவர் எதற்காக எடுத்தார் என்று கூறாது, வரலாற்று மூலமாக வழங்குதல் முறையாகாது.

முகத்திற்கும் குரலுக்கும் உள்ள இப்பிணக்கு இவ்விசையின் வரலாற்றிலேயே வெளிப்பட்டதொன்று. 1989இல் இத்தாலியக் குழுவாகிய பிளாக் பொக்ஸ் வெளியிட்ட ‘றைட் ஒன் ரைம்’ பிரித்தானியப் பட்டியலில் ஆறு கிழமை முதலிடத்தில் இருந்தது. அதில் ஒலித்த குரல், சிக்காகோவிற் பிறந்த லொலீற்றா ஹொலோவே 1980இற் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாடலிலிருந்து துண்டாக வெட்டியெடுத்தது. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. தொலைக்காட்சியில் தோன்றியவரோ, அக்குரலுக்கு வாயசைத்த இளம் அழகி ஒருவர். பாடியவரின் குரலை உலகம் அறிந்தது, முகத்தை அறியவில்லை. ஹொலோவே 2011இல் காலமானார். திரைக்கு ஏற்ற முகம் ஒன்றைத் தேடி, உரியவரின் முகத்தை மறைத்த அச்செயலை நாம் இன்று கண்டிக்கின்றோம். இடைச்செருகற் காட்சிகளால் ஆகிய வரலாறும் அதனையே செய்கின்றது என்பதை உணர்ந்தோமா?

நான்காவது குறையே மிகப் பெரியது. அது சாட்சிகளைப் பற்றியது. விவரணப் படம் உயிரோடிருப்போரின் வாய்மொழியை நம்பி எழுவது. ஆயின், இவ்விசையைத் தொடக்கத்தில் தாங்கிய மக்களிடையே எய்ட்ஸ் நோய் 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் பேரழிவு விளைத்தது. முதலில் ஆடியோர் பலர் சாட்சி சொல்ல இல்லை. றொன் ஹார்டி 1992இல் மறைந்தார். நியூயோர்க்கில் நக்கிள்ஸின் நண்பராய், பரடைஸ் கராஜ் விடுதியில் இசை வழங்கிப் புகழ்பெற்ற லறி லெவனும் அவ்வாண்டிலேயே மறைந்தார். நக்கிள்ஸ் 2014இல் மறைந்தார். எஞ்சி நின்று பேசுவோர் பெரும்பாலும் இசைத்தட்டு வெளியிட்டோரும் விடுதி நடத்தினோருமே. அவர் பொய்யுரைப்பர் என்பது எம் கருத்தன்று. எனினும், தாம் செய்ததையே ஒருவர் தெளிவாக நினைவு கூர்வர். அவர் கூற்றுக்களை மட்டும் கோத்தால், பலர் ஆடிய கதை சிலர் ஆக்கிய கதையாகச் சுருங்கும். ஆடியோர் இன்றேல் அவ்விசை இல்லை. எவ்விசைத்தட்டு நிலைக்கும், எது நீங்கும் என்று இரவுதோறும் தீர்ப்பளித்தவர் அவரே. அன்னாரைத் திரையில் யாம் காண்பது பெயரற்ற பின்னணியாகவே.

பாடபேதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹவுஸ் என்னும் பெயர் வெயர்ஹவுஸ் என்பதன் ஈற்றுப்பகுதி என்பர் பலர். வீட்டிலிருந்து ஆக்கியமையால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். ஒவ்வொரு விடுதியும் தனக்கே உரியதாக வைத்திருந்த இசைத்தட்டைக் குறித்த வழக்கு என்பாரும் உளர். பதிப்பாசிரியன் ஒருவன் இம்மூன்று பாடங்களையும் காட்டித் தன் துணிபைக் கூறுவான். விவரணப் படமோ ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றை விட்டுவிடும். ஐயம் கதையின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பது ஆக்கியோரின் அச்சம்.

இவர் பக்கத்து நியாயமும் ஆராய்தற்குரியது. ஒருமணி நேரத்துள் ஒரு தலைமுறையின் கதையைச் சொல்லவேண்டும். இசைத்தட்டுக்களுக்கும் காட்சிகளுக்கும் உரிமைப் பணம் கொடுக்கவேண்டும். ஒன்றும் அறியாத பார்வையாளனும் விளங்கிக்கொள்ள வேண்டும். அன்றியும், ‘பம்ப் அப் த வொலியூம்’ போன்ற படம் இல்லாதிருப்பின் நக்கிள்ஸ் முதலியோரின் வாய்மொழி இத்துணை எளிதில் நமக்குக் கிடைத்திராது. சிக்காகோவையும் நியூயோர்க்கையும் விரிவாகக் காட்டி, இவ்விசையின் தாயகம் யாது என்பதைப் பிரித்தானியப் பொதுமக்களுக்கு அறிவித்த நன்மை அதற்கு உண்டு. இந்நன்மையை மறந்து குறையை மட்டும் கூறுதல் திறனாய்வு ஆகாது. ஆயினும், இசையைத் துண்டு துண்டாக வெட்டி அதன்மேற் குரலைப் படரவிடும் முறையை மட்டும் எவ்வாற்றானும் ஏற்றல் இயலாது. பல நிமிடம் மாறாதது போல் ஒலித்து, மெல்ல மெல்ல மாறி, கேட்போனைத் தன்வயப்படுத்துவதே ஹவுஸின் இயல்பு. அதனைச் சில விநாடித் துண்டாகக் கேட்பித்தல், ஆலாபனை முழுவதையும் நீக்கி இராகத்தின் பெயரை மட்டும் அறிவித்தலை ஒக்கும்.

இனி, இக்குறைகளை உணர்ந்து ஆக்கிய படம் ஒன்றை நோக்குவாம். டெல்லரின் ‘எவ்றிபொடி இன் த பிளேஸ்’ ஒரு பள்ளி வகுப்பறையில் நிகழ்கின்றது. இலண்டனில் அரசியல் பயிலும் உயர்வகுப்பு மாணவர் முன் டெல்லர் நின்று பாடம் நடத்துகின்றார். மாணவர் பல இனத்தவர். அக்காலத்துக்குப் பின் பிறந்தவர். பழைய காட்சிகள் அவர்முன் காட்டப்பெறுகின்றன. டிற்றோயிற்று உள்ளூர்த் தொலைக்காட்சியில், ஜேர்மனியக் குழுவாகிய கிறாவ்ற்வேர்க்கின் இயந்திர இசைக்குக் கறுப்பின இளைஞர் ஆடும் காட்சியை அவர் வியந்து காண்கின்றனர். மின்னிசைக் கருவிகளைத் தாமே தொட்டு ஒலிக்கச் செய்கின்றனர். இதனால் மூலம் வேறு, உரை வேறு என்பது இயல்பாகவே விளங்கிவிடுகின்றது. காட்சி என்பது நம்பவேண்டிய முடிபு அன்று, வினவவேண்டிய சான்று.

டெல்லர் கூறும் காரணமும் விரிந்தது. ஒருசில இலண்டன் டீ. ஜே.க்களின் தீவுப் பயணத்தால் யாவும் விளைந்தன என்னும் கதையை அவர் ஏற்கவில்லை. 1984-85ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், தொழிற்சாலைகளின் வீழ்ச்சி, கூட்டங்களைக் கலைக்கக் காவற்படை கையாண்ட முறைகள் என்பவற்றோடு றேவைத் தொடர்புபடுத்துகின்றார். இத்தொடர்பை அவர் நெடுங்காலம் எண்ணியவர். 1997இல் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே தோன்றி வளர்ந்த பித்தளை வாத்தியக் குழு ஒன்றைக் கொண்டே அசிட் ஹவுஸ் இசையை வாசிக்கச் செய்தவர். பின்னிகழ்ந்தனவும் அவர் கருத்துக்கு அரண் செய்கின்றன. 1992 மே மாதத்தில் காசில்மோர்ட்டன் பொதுவெளியில் 20,000 முதல் 40,000 வரையினர் எனக் கணிக்கப்படும் கூட்டம் ஒரு கிழமையளவு கூடியிருந்தது. 1994இல் இயற்றப்பெற்ற குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம் 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ திறந்தவெளியில் இரவு கூடி இசைக்கு ஆடுதலைக் கலைக்கக் காவற்படைக்கு அதிகாரம் அளித்தது. இசை என்பது திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தைப் பெரும்பான்மையாகக் கொண்டதையும் அடக்கும் என்று அச்சட்டம் வரையறையும் கூறிற்று. தாளத்தைச் சட்டத்தின் வாசகத்துட் கொணர்ந்த அரசு எதற்கு அஞ்சிற்று என்பது வரலாற்று மாணவன் சிந்திக்கவேண்டிய வினா.

இப்படத்துக்கும் எல்லை உண்டு. அது 1984 முதல் 1992 வரையுள்ள பிரித்தானியாவின் வரலாறு. சிக்காகோவின் ஆடரங்கு அதனுள்ளும் சிறிதிடமே பெறுகின்றது. ஆயின், முழுமையற்ற வரலாறு என்று தன் தலைப்பிலேயே கூறிக்கொள்கின்றது அது. இவ்வொரு சொல்லால், சொல்லாது விட்டன உள என்பதைப் பார்ப்போனுக்கு உணர்த்திவிடுகின்றது. முழு வரலாறு எனப் பறைசாற்றும் படங்களினும் இது மேலானது என யாம் கொள்வது இதனாலேயே.

டெல்லர் காட்டிய டிற்றோயிற்றுக் காட்சி இன்னொன்றையும் எண்ணச் செய்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின மக்கள் உரிமையில் அமைந்த முதற் தொலைக்காட்சி நிலையம் 1975இல் அந்நகரத்திலேயே தோன்றியது. அந்நிலையம் உள்ளூர் இளைஞர் ஆடும் ‘த ஸீன்’ என்னும் நிகழ்ச்சியை அவ்வாண்டு முதல் 1987 வரை ஒளிபரப்பிற்று. ஆடியோரின் அயலார் கையிலேயே கமரா இருந்தது. ஆதலின் அவ்விளைஞர் எவ்வாறு உடுத்தனர், எவ்வாறு ஆடினர் என்பதை இன்றும் காண்கின்றோம். சிக்காகோவின் வெயர்ஹவுஸுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அங்கு ஆடியோர்க்கு முகம் பதிவாகாமை ஒரு காப்பாகவும் இருந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. படம் இன்மை எப்போதும் இழப்பு மட்டும் அன்று. சிலருக்கு அது விடுதலையின் விலையாகும்.

ஆயின் திரை செய்யத்தக்கது யாது? படம் இல்லாத இடத்தில் வேறோர் இடத்தின் படத்தால் நிரப்பாது, இல்லை என்று சொல்லலாம். காட்சி ஒவ்வொன்றுக்கும் ஊரும் ஆண்டும் குறிக்கலாம். பெயர் பெற்றோரோடு பெயர் பெறாது ஆடியோரையும் தேடிக் கேட்கலாம். இசைத்தட்டு ஒன்றையேனும் குறுக்கீடின்றி முழுமையாக ஒலிக்கவிடலாம்; திரை இருண்டிருப்பினும் குறையில்லை, அவ்விசை பிறந்ததும் இருளிலேயே. மாணவர் செய்யத்தக்கதும் உண்டு. ஒரு காட்சியைக் கண்டவுடன் மூன்று வினாக்களை எழுப்புக: இதனை எடுத்தவர் யார்? எதற்காக எடுத்தார்? இதே வேளையிற் கமரா நில்லாத இடத்தில் நிகழ்ந்தது யாது? இம்மூன்றும் கேட்கப் பழகியவன் எந்த நாட்டு வரலாற்றையும், தன் நாட்டு வரலாற்றையும், ஏமாறாது கற்பான்.

தெற்கு ஜெபேர்சன் வீதியில் உள்ள அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. 2023இல் சிக்காகோ மாநகரம் அதனைப் பாதுகாக்கப்படவேண்டிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதனுள் 1977இல் ஆடியோரின் அசைவைக் காட்டும் காட்சியைத் தேடுவார்க்குப் பெரும்பாலும் வெறுங்கையே மிஞ்சும். ஆயினும் அவர் ஆடினர். அவர் ஆடியமையாலேயே பின்னர்ப் பல நாடுகள் ஆடின. இதனை மறவாது சொல்வதே வரலாறு.